மாகாண சபைத் தேர்தல்: வாக்குறுதி சரி, கையெழுத்து யாருடையது?

கோண்டாவில் பூவரசு:
போன ஞாயிறு எங்கள் ஊர் வாசிகசாலையில் கூட்டம். வடக்கு மாகாண சபைத் தேர்தல் வரப்போகுது என்ற கதை திரும்பவும் கிளம்பியிருக்கிறதே, அதனால் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே சனத்தைச் சந்திக்கிறார்கள். வீடு (தமிழரசுக் கட்சி), சைக்கிள் (தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி), திசைகாட்டி (ஆளும் தேசிய மக்கள் சக்தி) மூன்று சின்னத்து ஆட்களும் ஒரே மேசையில். நடுவில் ஒரு போத்தல் நெக்டோ, மூன்று கிளாஸ். நான் பின்வாங்கில் இருந்து சி.ஆர். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன்.

வீட்டுக்காரர் சமஷ்டி (கூட்டாட்சி) என்று தொடங்கி, வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருக்கும் காணிகளின் விடுவிப்பைச் சொல்லி, கடைசியில் எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடுவதாக முடித்தார். சைக்கிள்காரர் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தைத் தீர்வாக ஏற்கவே முடியாது என்றார், பிறகு இந்திய றோலர்களை (இழுவைப் படகுகளை) நிறுத்துவோம் என்றார். திசைகாட்டிக்காரர் ஊழல் இல்லாத நிருவாகம், இளம் ஆட்களுக்கு வேலை, ஆஸ்பத்திரிக்கு டொக்டர் என்று அடுக்கினார். அவருக்கும் எங்கள் ஒழுங்கை மேல் ஒரு கண்.

மொத்தம் பதினேழு வாக்குறுதி. வீட்டுக்கு வந்து திருப்பி வாசித்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இதில் எத்தனையை ஒரு மாகாண சபை உறுப்பினரால் செய்ய முடியும்? கொள்கையை விடுங்கள், சட்டப்படி யாருடைய கையெழுத்தில் எது நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கச்சேரியடி:
தம்பி பூவரசு, இருபது வருடத்துக்கு மேல் மாகாண நிருவாகத்தில் கோப்போடு மாரடித்தவன் நான். உங்கள் ஒழுங்கையிலிருந்தே தொடங்குகிறேன், அதில் எல்லாமே இருக்கிறது.

ஏ, பி வகை வீதிகள் கொழும்பு மத்திய அரசின் கீழ் இருக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகை மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. ஒரே சந்தியில் மூன்று சொந்தக்காரர். மழைக்கு அந்தச் சந்தியில் வெள்ளம் நின்றால் மூன்று கந்தோரும் மற்ற இரண்டையும் கை காட்டும். நானே அப்படிக் கை காட்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

ஆகவே உங்கள் ஒழுங்கைக்குத் தார் போடுவேன் என்று மாகாண சபை வேட்பாளர் சொன்னால், அவர் பிரதேச சபைத் தவிசாளரின் வேலைக்கு வாக்குக் கேட்கிறார். பிரதேச சபைத் தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே முடிந்தாயிற்று.

அடுத்தது ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஆனால் டொக்டர்களை நியமிப்பது கொழும்பு. கட்டடம் எங்களது, அதற்குள் வேலை செய்பவரின் நியமனக் கடிதம் அவர்களது. பாடசாலையும் அப்படித்தான். தேசிய பாடசாலை என்று பலகை மாறினால் அது மாகாணத்தின் கையை விட்டுப் போய்விடும்.

மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

சோளகம்:
றோலர் கதைக்கு நான் வருகிறேன். எங்களுடையது கடற்கரை வீடு. விடிய நான்கு மணிக்கு அப்பாவோடு போய் வலையைத் தூக்கினால், சில நாளில் மிதப்பும் கயிறும் மட்டும் வரும். மிச்சம் றோலர்காரன் மடியோடு போயிருக்கும். ஒரு இரவில் போகிற வலையின் காசைத் திருப்பி உழைக்க ஒரு சோளகப் பருவம் போதாது.

வேட்பாளர் நிறுத்துவேன் என்று சொன்னால் கை தட்டத்தான் மனம் வருகிறது. ஆனால் இழுவை மடியைத் தடை செய்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றத்தில் வந்தது. அப்போது எம்.பி.யாக இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது அது. வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தைக் கூட்டிய 2018ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கேதான். பிடிக்கிறது நேவி, கதைக்கிறது வெளிநாட்டு அமைச்சு. இதில் மாகாண சபைக்கு எந்த மூலையில் இடம்?

தடைச்சட்டத்தை உள்ளூரில் ஒழுங்காகப் பிடிக்கிறார்களா என்று கேட்டால் இன்னொரு சண்டை வரும். எங்கள் பக்கத்திலும் இழுவை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வேட்பாளரும் வாய் திறக்க மாட்டார். அங்கேயும் வாக்கு இருக்கிறது.

நல்லூர் மேற்கு:
கச்சேரியடி அண்ணை எழுதினதை வாசித்தால் எங்கள் நிலைப்பாடு தானாக விளங்கும். அரசியலமைப்பின் 154சி உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநருக்கு உரியது. அவர் நேரடியாகவோ அமைச்சர்கள் ஊடாகவோ அதைச் செலுத்துவார். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. சனம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தவர் கேட்டு வாங்குகிறவர், கொழும்பு அனுப்பியவர் கொடுக்கிறவர்.

அதனால்தான் 2013இல் சைக்கிள்காரராகிய நாங்கள் மாகாண சபைத் தேர்தலில் நிற்கவில்லை. ஒற்றையாட்சிக்குள் இருக்கும் ஒரு சபைக்கு ஆள் அனுப்பினால், இதுதான் தமிழருக்கான தீர்வு என்று உலகத்துக்குக் காட்டிவிடுவார்கள். 1988இல் இணைந்த வடக்குக் கிழக்கை 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் பிரித்தது. ஒரு தீர்ப்பில் உடைகிற ஒன்றை அதிகாரம் என்று சொல்வதா? தேசமாக எங்களை அங்கீகரிக்கும் சமஷ்டி வேண்டும். அதைக் கேட்காமல் வீதிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் கன்று கட்ட வந்தவனிடம் மாட்டையும் கொடுத்த கதைதான்.

வண்ணை வாத்தி:
சபைக்குப் போகாமல் இருந்தால் மட்டும் சமஷ்டி வந்துவிடுமா? நாங்கள் போகாத இடத்தில் வேறு யாரோ போய் உட்காருவார்கள்.

2013 செப்ரெம்பர் 21 தேர்தலை நினைத்துப் பாருங்கள். 38 ஆசனத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30. யாழ் மாவட்டத்தில் மட்டும் 16இல் 14. முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரன் ஐயாவுக்கு 132,255 விருப்பு வாக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காகக் கதைத்த அனந்திக்கு 87,870. அந்தச் சனம் சட்டப் புத்தகம் படித்து வாக்களிக்கவில்லை, தாங்கள் யார் என்று சொல்வதற்காக வரிசையில் நின்றது. முழங்கால் வருத்தத்தோடு என் அம்மாவும் நின்றவர்.

தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், 26ஆம் திகதி, அரச காணி அதிகாரம் மத்திக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சபை கூட முதலே காணி போய்விட்டது. பொலிஸ் அதிகாரம் மாகாண நிரலில் (மாகாணத்துக்குரிய அதிகாரப் பட்டியலில்) எழுதியிருக்கிறது, ஒரு நாளும் தரவில்லை. ஆளுநராக ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் 2015 ஜனவரி வரை இருந்தார். முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச்சட்டம் (மாகாண சபை ஆக்கும் சட்டம்) இழுபட்டது. இத்தனைக்குள் ஒரு சபையை நடத்திப் பார்த்தோம். நடத்தியதால்தான் எங்கே எங்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று இன்று இந்த இழையில் எல்லாரும் சட்டம் கதைக்கிறோம்.

கொக்குவில் பெடியன்:
வாத்தி ஐயா, பூட்டை மட்டும் சொல்கிறீர்கள், திறந்திருந்த கதவைச் சொல்லவில்லையே. விவசாயம், மாகாணப் பாடசாலை, உள்ளூராட்சி, கூட்டுறவு எல்லாம் கையில் இருந்தன. சபை நாறினது எங்கே? 2017இல் சொந்த அமைச்சர்கள் மேலேயே விசாரணை, இரண்டு பேரை விலகச் சொன்னது, அதற்குப் பதிலாக முதலமைச்சர் மேலேயே நம்பிக்கையில்லாப் பிரேரணை. அதிகாரமே இல்லை என்று சொன்ன சபைக்குள் கதிரைக்கு இவ்வளவு அடிபாடு ஏன்?

எங்கள் பக்கத்தின் நிலைப்பாடு நேரானது. இருக்கிறதைக் களவு இல்லாமல் நடத்துங்கள், புதிய அரசியலமைப்பில் மிச்சத்தைப் பேசலாம். 2024 நவம்பர் 14இல் யாழ் மாவட்டத்தில் திசைகாட்டிக்கு 80,830 வாக்கு, 6 ஆசனத்தில் 3. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. நீண்டகால எம்.பி. டக்ளஸ் ஐயா தோற்றார். அதுவும் சனம் சொன்னதுதானே?

டீச்சரக்கா:
தம்பி, சரி. உங்கள் அரசாங்கம் மாகாண சபைத் தேர்தலை எப்போது வைக்கப் போகிறது, அதையும் சொல்லுங்கள். 2018 ஒக்டோபரில் சபை கலைந்தது. அன்றிலிருந்து வடக்கை ஆளுநர் ஆள்கிறார். ஒரு வாக்கும் வாங்காத ஒருவர். களவு இல்லாமல் நடத்துவதாக இருந்தால் முதலில் நடத்துவதற்கு ஒரு சபை வேண்டாமா?

இன்னொன்று. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகம் இருக்கிறதா? வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமை கோரச் சொல்லி வந்ததே. போர், இடப்பெயர்வு, எரிந்துபோன உறுதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று இருக்கிற சனத்திடம் மூன்று மாதத்துக்குள் கடதாசி கொண்டுவா என்றால் எங்கே போவது? எதிர்ப்பு வந்த பிறகுதான் மீளப் பெற்றார்கள். அதைச் செய்தது ஊழல் இல்லாத நிருவாகம்தான்.

கொக்குவில் பெடியன்:
அக்கா, பிழை என்று கண்டு மீளப் பெற்றது உண்மைதானே. முந்தின அரசாங்கங்கள் அப்படிச் செய்ததா? தொகுதி எல்லை நிர்ணயம் முடியாமல் மாகாண சபைத் தேர்தல் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதை நாங்கள் எழுதவில்லை.

கச்சேரியடி:
சாப்பிட்டாயிற்று. அந்தச் சட்டத்தின் கதை இந்த நாட்டில் சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நல்ல பாடம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

2017இல் மாகாண சபைகள் திருத்தச் சட்டமூலம் ஒன்று வந்தது. வந்தபோது அதன் வேலை வேட்புமனுவில் பெண்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது. குழுநிலையில் திடீரென்று அதற்குள் புதிய தேர்தல் முறையே நுழைந்தது: பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். பெண்களுக்கான சட்டத்தின் சேலைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம்.

தொகுதி வேண்டுமென்றால் எல்லை கீற வேண்டும். ஆணைக்குழு கீறியது. அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. 139 வாக்கு எதிராக, ஆதரவாக ஒன்றும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். என் சேவைக் காலத்தில் சொந்தக் கோப்பைத் தானே நிராகரித்த அதிகாரி ஒருவரையும் கண்டதில்லை.

பழைய முறை நீங்கிவிட்டது. புதிய முறைக்கு எல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில் தேர்தல் தொங்குகிறது. பழைய விகிதாசார முறைக்கே திரும்பச் சின்னத் திருத்தம் ஒன்று போதும். தமிழ்த் தரப்பிலிருந்து தனிநபர் சட்டமூலமாக அதைக் கொண்டுபோயும் பார்த்தார்கள். ஆகவே தம்பி கொக்குவில், சட்டம் இடம் கொடுக்காது என்பது உண்மை. சட்டத்தை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டை வைத்துக்கொண்டு அதைச் சொல்வதுதான் உதைக்கிறது.

ஸ்காபரோக் குளிர்:
இங்கேயிருந்து பார்த்தால் இந்தியாவில் மாநிலத்துக்கு இருக்கும் அதிகாரமாவது கிடைத்தால் போதும் போல இருக்கிறது. தமிழ்நாட்டில் பொலிஸ் மாநிலத்துடையது. 234 பேர் கொண்ட சட்டசபை. அங்கே கட்சிகள் கொள்கையை வைத்து மோதுகின்றன, எங்களைப் போல அதிகாரம் இருக்கா இல்லையா என்று மோதுவதில்லை.

வண்ணை வாத்தி:
அங்கேயும் ஆளுநர் பத்துச் சட்டமூலங்களுக்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்தார் தம்பி. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8இல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. இங்கே 2013இல் காணி வழக்கில் என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நல்லூர் மேற்கு:
ஸ்காபரோ அண்ணை, அந்தத் தமிழ்நாட்டு றோலர்தான் சோளகத்தின் வலையைக் கொண்டுபோகிறது. அதையும் ஒருக்கால் சொல்லுங்கள்.

ஸ்காபரோக் குளிர்:
:( அதுவும் சரி.

நெறியாளர்:
ஒரு பதிவு நீக்கப்பட்டது. வேட்பாளரின் கட்சியைத் திட்டலாம், குடும்பத்தைத் திட்ட இடமில்லை.

டீச்சரக்கா:
பூவரசு கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. நான் படிப்பிக்கும் பாடசாலையில் கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போய் எட்டு மாதம். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நான்தான் கணிதம். என் பாடமோ சமயம். அட்சர கணிதம் படிப்பிக்கும் அன்று முதல் நாள் இரவு அண்ணன் மகனிடம் நான் பாடம் கேட்டுப் போகிறேன்.

மாகாணப் பாடசாலை, மாகாண ஆசிரிய சேவை. மத்தியைக் கை காட்ட முடியாத விஷயம். சமஷ்டியும் வேண்டாம், 13 பிளஸ்ஸும் (13ஆம் திருத்தத்துக்கு மேலான அதிகாரமும்) வேண்டாம். யார் எங்கே ஆசிரியர் தேவை என்ற பட்டியலைச் சபையில் ஒவ்வொரு மாதமும் வாசிப்பார் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் என் வாக்கு அவருக்கு. ஒருவரும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் மேலதிகமாக இருக்கும் ஆசிரியரைத் தீவுப்பகுதிக்கும் வன்னிக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பப்படுகிறவருக்கும் வாக்கு இருக்கிறது. சோளகம் சொன்ன அதே கதை.

சோளகம்:
டீச்சர், அந்த வாக்குக் கணக்கின் உள்குத்து விருப்பு வாக்கில் இருக்கிறது. பழைய விகிதாசார முறையில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சியில் மூன்று ஆளுக்கு விருப்பு. அப்படியென்றால் வேட்பாளரின் போட்டி எதிர்க்கட்சிக்காரனோடு இல்லை, தன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சொந்தக் கட்சிக்காரனோடு. கொள்கை இருவருக்கும் ஒன்றே. அப்போது எதைச் சொல்லி வேறுபடுவது? ஒழுங்கைக்குத் தார், மகளுக்கு வேலை, கோயிலுக்கு மணி. பூவரசின் பதினேழில் பாதி அப்படி வந்ததுதான்.

வண்ணை வாத்தி:
இது நல்ல கதை. மறுக்கமாட்டேன்.

கச்சேரியடி:
காசைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு வருடா வருடம் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்கிறீர்களே, அந்தக் காசு மாகாணத்துடையது. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று இன்னும் கொஞ்சம். முன்பு புரள்வு வரி (வியாபார விற்பனை மீதான வரி) என்று கொழுத்த ஒன்று இருந்தது, 2011இலிருந்து அதை மத்தி இல்லாமல் செய்துவிட்டது. மிச்சமெல்லாம் கொழும்பு அனுப்புகிற காசு. அதில் பெரும் பங்கு சம்பளத்துக்கே போய்விடும்.

இளம் ஆட்களுக்கு வேலை என்று யாராவது சொன்னால், எந்தத் தலைப்பின் கீழ் சம்பளம் என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.

நல்லூர் மேற்கு:
அண்ணை, நீங்கள் சொல்லச் சொல்ல என் பக்கத்துக்கே வாதம் சேருகிறது. வரியும் இல்லை, காணியும் இல்லை, பொலிஸும் இல்லை, அமைச்சரை மாற்றவும் முடியாது. 2018இல், முதலமைச்சர் நீக்கிய மாகாண அமைச்சர் டெனீஸ்வரனின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தானே சொன்னது, நீக்குகிற அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை, ஆளுநருக்கு என்று. இப்படியொரு சபைக்கு நல்ல ஆளாகத் தேடி அனுப்பினால் என்ன, உதவாக்கரையை அனுப்பினால் என்ன?

டீச்சரக்கா:
வித்தியாசம் இருக்கிறது தம்பி. கணித ஆசிரியர் வருவார், அல்லது வரமாட்டார். சமஷ்டி வரும்வரை பிள்ளைகள் பதினாறு வயதில் காத்திருக்காது.

நல்லூர் மேற்கு:
அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை அக்கா. ஆனால் ஆசிரியர் வந்தால் போதும் என்று விட்டால், முப்பது வருடம் கழித்தும் ஆசிரியரைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

கோண்டாவில் பூவரசு:
எல்லாருக்கும் நன்றி. மேலே சொன்னதை வைத்துக் கொப்பியில் மூன்று நிறப் பேனையால் குறித்துப் பார்த்தேன். மாகாணத்துக்குப் பச்சை, கொழும்புக்குச் சிவப்பு, பிரதேச சபைக்கு நீலம். பதினேழில் பச்சை நான்குதான். சிவப்பு ஒன்பது, நீலம் நான்கு. வீட்டுக்காரரின் காணி சிவப்பு, சைக்கிள்காரரின் றோலர் சிவப்பு, திசைகாட்டிக்காரரின் டொக்டர் சிவப்பு. இந்த விஷயத்தில் மூவரும் ஒற்றுமை.

இன்று பின்னேரம் வாசிகசாலையில் அவர்களில் ஒருவரைத் திரும்பக் கண்டேன். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், நெறியாளர் முறைப்பார். கொப்பியைக் காட்டினேன். வடிவாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "தம்பி, இந்தச் சிவப்பு எல்லாம் பச்சையாக வேண்டும் என்றுதானே நாங்கள் தேர்தலில் நிற்கிறது" என்றார். சரி, அது ஒரு பதில்தான் என்று நினைத்தேன். பச்சையாக இருக்கிற நான்கைக் காட்டி இதில் முதல் வருடம் எது என்று கேட்டேன். போன் வந்துவிட்டது அவருக்கு.

கச்சேரியடி:
அது அடிக்காத போனாகவும் இருக்கும்.

சோளகம்:
கொப்பியைப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணை. வாற ஞாயிறு எங்கள் பக்கத்தில் கூட்டம், மீனவர் சங்கக் கட்டடத்தில். அச்சடித்துக் கொண்டுபோகிறேன்.

கோண்டாவில் பூவரசு:
நாளைக்குப் போடுகிறேன். கொப்பியை வாசிகசாலை மேசையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், இரவு மழை பெய்தால் நனையும். கூரை ஒழுகுகிறது. அது நீலம்.